காலை எடுப்பதற்கு முன் ரத்தக்குழாயைப் பார்த்தார்களா?

கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. இப்படிச் சொல்லும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். “வயசாயிருச்சு, நரம்பு இழுக்குது” என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கடை அஞ்சடித் தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்று, மறுபடி நடந்து, மறுபடி நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூச்சு வாங்கி நிற்பவர்கள் உண்டு. கால் வலித்து நிற்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையினரில் பலருக்கு நரம்பு இழுக்கவில்லை. காலுக்கு ரத்தம் போகும் தமனி அடைபட்டுக்கொண்டிருக்கிறது.

நெஞ்சு வலித்தால் அது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம் என்று இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே கொழுப்பும் அதே சுண்ணாம்புப் படிவும் தொடையிலும் முழங்காலுக்குக் கீழேயும் உள்ள குழாய்களை அடைக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை. இதயத்துக்கு பலூன் வைத்துக்கொண்டவர் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். காலுக்கும் பலூன் வைக்கலாம் என்பது காலை எடுத்த பிறகுதான் பல குடும்பங்களுக்குத் தெரியவருகிறது. இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம் அதுதான்.

நடக்கும்போது வரும் வலி முதல் கட்டம். அடைப்பு முற்றினால் இரவில் படுக்கையில் பாதம் எரியும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டால் வலி கொஞ்சம் அடங்கும், ஏனென்றால் புவியீர்ப்பு விசையால் சிறிதளவு ரத்தம் கீழே இறங்குகிறது. உங்கள் அப்பாவோ அம்மாவோ கட்டிலை விட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கியிருந்தால், தயவுசெய்து அதைப் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த கட்டம் புண். விரல் நுனியிலோ குதிகாலிலோ வரும் சின்னப் புண் வாரக்கணக்கில் ஆறாது. பிறகு விரல் கறுக்கும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்த வரிசைகூடக் கிடைப்பதில்லை. நரம்புகள் ஏற்கெனவே மரத்துவிட்டதால் முதல் இரண்டு எச்சரிக்கைகளும் வராமலே போய்விடும். செருப்பில் ஆணி குத்தியிருப்பதும் தெரியாது. வீட்டில் யாராவது “காலுறையில ரத்தக் கறை இருக்கே” என்று சொன்னபோதுதான் அவருக்கே தெரியவரும்.

நம் எண்ணிக்கை

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்த்தன்மை ஆய்வுப்படி மலேசியாவில் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். இதில் புகைபிடிப்பவர்களையும், உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்தும் விழுங்காதவர்களையும் கூட்டிப் பாருங்கள். கால் ரத்தக்குழாய் அடைப்புக்குத் தேவையான எல்லாமே நம் சமூகத்தில் ஒன்றுசேர்ந்து இருக்கிறது.

இனிப்பு நீர் காரணமாக ஒரு காலை முழங்காலுக்கு மேலேயோ கீழேயோ இழந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கால் போனதால் மட்டும் அந்த மரணம் வருவதில்லை. காலில் அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். கால் அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது.

உயிர் பிழைத்தவர்களின் வாழ்க்கை வேறொரு கதை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்த நம் குடும்பங்களில் பல, மின்தூக்கி இல்லாத நான்கு, ஐந்து மாடி மலிவு வீடுகளில் குடியேறின. நான்காவது மாடியில் இருக்கும் ஒரு லாரி ஓட்டுநர் ஒரு காலை இழந்தால் மருத்துவமனைக்குப் போவதற்கே நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். வேலை போகும். மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஆலை வேலைக்குப் போவாள். ஒரு விரல் புண்ணுக்கு இவ்வளவு விலையா என்றால், ஆம், இவ்வளவுதான் விலை.

ஊசித் துளை வழியே

சிகிச்சை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்ப்போம். பயம் பாதி குறைவது அங்கேதான்.

நோயாளிக்கு முழு மயக்கம் தேவையில்லை. பெரும்பாலும் தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போகும் ஊசி. அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடி மருத்துவர் தொடைத் தமனிக்குள் ஊசியைச் செலுத்துகிறார். ஊசி வழியே ஒரு மெல்லிய கம்பி உள்ளே போகிறது. ஊசியை எடுத்துவிட்டு, அந்தக் கம்பியின் மேலேயே ஒரு சிறு குழாயைச் சறுக்கிவிடுகிறார்கள். பந்துமுனைப் பேனாவின் ரீஃபில் அளவுதான் அது. இந்த முறையை 1953இல் வெளியிட்டவர் சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர். இன்றுவரை அடிப்படை அதுவே.

ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே (ஆஞ்சியோகிராம்) எடுத்தால், இடுப்பிலிருந்து பாதம் வரை குழாய்கள் கறுப்பு வேர்களாகத் திரையில் தெரியும். எங்கே கறுப்பு நின்றுபோகிறதோ அங்கே அடைப்பு. தொடையில் உள்ள தமனி 5, 6 மில்லிமீட்டர் அகலம். முழங்காலுக்குக் கீழே பிரியும் மூன்று தமனிகள் 2, 3 மில்லிமீட்டர்தான். இனிப்பு நீர் விரும்பித் தாக்குவது இந்தச் சின்னக் குழாய்களைத்தான், அதனால்தான் நம்மவர்களின் கால்களில் வேலை கடினம். 0.36 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியைத் திரையைப் பார்த்துக்கொண்டே திருப்பித் திருப்பி, அடைப்பின் ஊடே நுழைத்து மறுபக்கம் கொண்டுவர வேண்டும். சில வேளை ஒரு மணி நேரமும் ஆகும். மேலிருந்து போக முடியாவிட்டால் பாதத்தின் தமனியில் ஊசி குத்திக் கீழிருந்து மேலே வருகிறார்கள்.

கம்பி கடந்துவிட்டால் பாதி வெற்றி. அதன் மேல் சுருட்டிய பலூன் போகிறது. அடைப்பு உள்ள இடத்தில் பலூனை ஊதி, இரண்டு மூன்று நிமிடம் அப்படியே பிடித்து வைக்கிறார்கள். அந்த நேரத்தில் கெண்டைக்காலில் ஒரு வலி வரும், பலூனைச் சுருக்கியதும் போய்விடும். குழாய் மறுபடி சுருங்கினாலோ கிழிந்தாலோ ஸ்டென்ட் எனும் வலைக்குழாயை வைக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே ஸ்டென்டை முடிந்தவரை தவிர்க்கிறார்கள். குழாய் மீண்டும் அடைபடுவதைத் தாமதப்படுத்த மருந்து பூசிய பலூன்கள் வந்திருக்கின்றன. அந்த மருந்தால் மரணங்கள் கூடுகின்றன என்று 2018இல் ஒரு பெரிய அச்சம் கிளம்பியது. கூடுதல் மரணங்களுக்கு ஆதாரம் இல்லை என்று 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தெளிவுபடுத்தியது.

பிறகு உள்ளே விட்ட குழாயை எடுத்து, துளையை அழுத்திப் பிடித்து, சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வைப்பார்கள். பலர் மறுநாள் வீட்டுக்குப் போகிறார்கள். வெளியே தெரியும் காயம் ஒரு ஊசித் துளை.

இந்த சிகிச்சை இதயத்திலிருந்து காலுக்கு வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. 1964 ஜனவரி 16ஆம் தேதி அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 82 வயது மூதாட்டி ஒருவர், கறுத்துப்போன விரல்களோடு படுத்திருந்தார். காலை எடுக்க வேண்டும் என்றார்கள், அவர் மறுத்துவிட்டார். சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் கம்பியைச் செலுத்தி, அதன் மேல் ஒன்றைவிட ஒன்று தடித்த குழாய்களை நுழைத்துத் தொடைத் தமனியின் அடைப்பை விரித்தார். கால் சூடேறியது. அந்த அம்மா ஏறக்குறைய இரண்டரை ஆண்டு கழித்து வேறு நோயால் இறக்கும்வரை தன் சொந்தக் காலில் நடந்தார். டாட்டரின் முறையைக் கற்ற ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், தம் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன்களைச் செய்து பார்த்து, 1974இல் சூரிக்கில் ஒரு நோயாளியின் காலில் முதன்முறையாகப் பயன்படுத்தினார். இதயத்தில் வைத்தது 1977இல்தான். கால்தான் முன்னோடி. அந்தக் கால், அறுபது ஆண்டு கழித்து நம் ஊரில் கவனிப்பாரற்றுக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லோருக்கும் பலூன் இல்லை

பத்திரிகைகளில் ‘கத்தியின்றி ரத்தமின்றி’ என்று தலைப்புப் போடுவது எளிது. அது முழு உண்மை இல்லை. துளையிட்ட இடத்தில் ரத்தக் கட்டு வரலாம். உடைந்த படிவு கீழே போய்ப் பாதத்தை அடைக்கலாம். சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்த இனிப்பு நீர் நோயாளிக்கு இது சின்ன விஷயமில்லை. அப்படிப்பட்டவர்களுக்குச் சில இடங்களில் சாயத்துக்குப் பதில் கரியமில வாயுவைப் பயன்படுத்துகிறார்கள். திறந்த குழாய் சில மாதங்களில் மறுபடி அடைபடலாம், அப்போது திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும்.

பழைய பைபாஸ் அறுவை சிகிச்சையும் செத்துவிடவில்லை. தொடையில் உள்ள நீண்ட சிரையை எடுத்து அடைப்பைத் தாண்டி இணைக்கும் இந்த முறையை 1948இல் பாரிஸில் ஜான் குன்லின் செய்து காட்டினார். 2022இல் வெளியான ‘பெஸ்ட் சி.எல்.ஐ.’ ஆய்வு, 1,830 நோயாளிகளை வைத்துப் பார்த்து, நல்ல சிரை இருப்பவர்களுக்கு பைபாஸே மேல் என்றது. அடுத்த ஆண்டே பிரிட்டனை மையமாகக் கொண்ட ‘பேசில் 2’ ஆய்வு, முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ள 345 பேரைப் பார்த்து, முதலில் ஊசித் துளை சிகிச்சையே நல்லது என்றது. இரண்டும் நேர்மையான ஆய்வுகள். நோயாளிகள் வேறு, அடைபட்ட இடமும் வேறு. என் பார்வையில் இதற்கு ஒரே பொருள்தான்: எது பொருத்தம் என்பதை இரண்டும் தெரிந்த ரத்தக்குழாய் நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும். பலூன் மட்டும் தெரிந்தவரிடமோ கத்தி மட்டும் தெரிந்தவரிடமோ அந்த முடிவை விடக்கூடாது.

காலை எடுத்தே தீர வேண்டிய நிலையும் உண்டு. கிருமி ரத்தத்தில் பரவி, காய்ச்சலும் குழப்பமும் வந்து, உயிரே ஊசலாடும்போது யாரும் ஆஞ்சியோகிராமுக்குக் காத்திருக்க முடியாது. அப்போது மருத்துவர் கையெழுத்துக் கேட்டால் தயங்காதீர்கள். ஆனால் அந்த நிலையில்கூட, எந்த உயரத்தில் வெட்டினால் காயம் ஆறும் என்பதை ரத்த ஓட்டமே தீர்மானிக்கிறது. முழங்காலைக் காப்பாற்றினால் செயற்கைக் காலில் நடப்பது எவ்வளவோ எளிது. விரலோடு நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது.

நெடுஞ்சாலையில் அடிபட்ட கால்

அடைப்பால் மட்டும் கால் போவதில்லை, விபத்தாலும் போகிறது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப் பாதை 1970களிலேயே போடப்பட்டது. ஆனாலும் நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளோட்டிகள்தாம். உயிர் தப்பியவர்களின் முழங்கால் பல வேளை தப்புவதில்லை. முழங்கால் மூட்டு விலகினால் அதன் பின்பக்கம் ஓடும் தமனி இழுபட்டுக் கிழியும். வெளியே ரத்தமே தெரியாது. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் ரத்தத்தைத் திருப்பிவிட வேண்டும், தாமதமானால் தசை செத்துவிடும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களின் 2,471 தமனிக் காயங்களை அறுவை மருத்துவர்கள் டிபேக்கியும் சிமியோனும் 1946இல் தொகுத்தார்கள். அப்போது கிழிந்த குழாயைக் கட்டிவிடுவதுதான் வழக்கம், கட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் காலையோ கையையோ இழந்தார்கள். கொரியப் போரில் குழாயைத் தைக்கத் தொடங்கியதும் அந்த இழப்பு 13 விழுக்காட்டுக்கு இறங்கியது. முழங்காலுக்குப் பின்னால் அறுந்த தமனிக்கு இன்றும் பெரும்பாலும் திறந்த அறுவைதான். தொடையிலோ இடுப்பிலோ கசியும் கிளைக் குழாயைக் கம்பிச் சுருள் வைத்து உள்ளிருந்தே அடைப்பதும், கிழிந்த இடத்தில் உறை போட்ட ஸ்டென்ட் வைப்பதும் இப்போது நடக்கின்றன.

விபத்துக்குப் பிறகு எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட கால் மற்றக் காலைவிடக் குளிர்ந்து, வெளுத்து, மரத்து, விரலை அசைக்க முடியாமல் இருந்தால் உடனே சத்தம் போட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். “காலைல பாத்துக்கலாம்” என்பதற்கு அங்கே இடமில்லை. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடந்த விபத்து என்றால் பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு உண்டு, செயற்கைக் கால் உள்பட. பல இளைஞர்கள் அதைக் கோருவதே இல்லை.

வேலூரிலிருந்து ஒரு பாடம்

பலூன் குழாயைத் திறக்கும், பாதத்தைக் காப்பது நம் வேலை. இதைத் தமிழ் மண்ணிலேயே ஒருவர் நிறுவியிருக்கிறார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களைப் பல ஆண்டு கவனித்தார். நோய் சதையை அழுக வைக்கவில்லை, வலி தெரியாததால் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுத்தப்பட்டுப் புண்ணாகிறது என்று காட்டினார். நுண்ணறை ரப்பர் செருப்பும், அழுத்தத்தை அகற்றும் மாவுக்கட்டும் அங்கே நோயாளிகளின் காலைக் காத்தன. பிறகு அவர் அமெரிக்காவில் அதே அறிவை இனிப்பு நீர் பாதங்களுக்குக் கொண்டுபோனார். இன்று மலேசிய மருத்துவமனைகளின் பாதப் பராமரிப்புப் பிரிவில் கொடுக்கும் ஆலோசனைக்குப் பின்னால் வேலூரின் அந்த உழைப்பும் இருக்கிறது.

இங்கே நாம் செய்வது என்ன? புண்ணில் காமாட் எண்ணெய் தடவுகிறோம், மஞ்சள் அப்புகிறோம். மரத்த காலைச் சுடுநீரில் வைத்துக் கொப்புளமாக்குகிறோம். ரத்தமே போய்ச் சேராத இடத்தில் எந்தத் தைலமும் வேலை செய்யாது.

தைப்பூசத்தையும் சொல்லியாக வேண்டும். ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அதன் பிறகு 272 படிகள். பக்தியைக் கேள்வி கேட்பது என் நோக்கமில்லை, என் வீட்டிலும் காவடி எடுப்பவர்கள் உண்டு. ஆனால் பாதம் மரத்தவர், கெண்டைக்கால் பிடிப்பவர் வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பது ஆபத்து. போவதற்கு முன் காலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் விரல் இடுக்குகளை விளக்கு வெளிச்சத்தில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கே போவது, என்ன கேட்பது

பரிசோதனை மிக எளிது. பாதத்தின் மேற்பக்கத்திலும் உட்கணுக்காலின் பின்பக்கமும் நாடியைத் தொட்டுப் பார்ப்பது முதல் படி. அடுத்தது, கையில் எடுப்பதுபோல் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பது. 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது. இனிப்பு நீர் நோயாளிக்குக் குழாய் சுண்ணாம்பேறிக் கெட்டியாகி, எண் 1.4க்கு மேல் போய் ஏமாற்றலாம். அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். கையடக்க டாப்ளர் கருவியைப் பாதத்தில் வைத்தால் ரத்தம் பாயும் ஓசையை நோயாளியே கேட்கலாம். மருந்துக்குப் போகும்போது காலுறையைக் கழற்றச் சொல்லாத இடத்தில் நீங்களே கழற்றிக் காட்டுங்கள். “டாக்டர், என் கால் நாடிய பாத்துச் சொல்லுங்க” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி. அங்கிருந்து கடிதத்தோடு அரசு மருத்துவமனை நிபுணரிடம் போனால் 5 வெள்ளி. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை நம் பகுதி மக்களின் முதல் வாசல். கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸ் துவாங்கு முரிஸ் மருத்துவமனை ஆகியவற்றில் ரத்தக்குழாய் அறுவை நிபுணர்கள் இருக்கிறார்கள். தனியாரில் இதே சிகிச்சைக்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகும். அரசு மருத்துவமனையிலும் பலூன், ஸ்டென்ட் போன்ற பொருள்களுக்குத் தனிச் செலவு வரலாம். அங்குள்ள மருத்துவ சமூகநலப் பிரிவைப் பார்த்தால் உதவி நிதிக்கு விண்ணப்பிக்க வழி காட்டுவார்கள். குடியுரிமை இல்லாத நம்மவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. அவர்களுக்காகப் பேச வேண்டியது நம் அமைப்புகளின் கடமை, அதை இதுவரை போதிய அளவு செய்யவில்லை என்பதே என் கருத்து.

நிபுணர்கள் குறைவு, முறை வர நாளாகும். அதனால்தான் புண் சின்னதாக இருக்கும்போதே வரிசையில் நிற்க வேண்டும். “போனா கால வெட்டிருவாங்க” என்று பயந்து வீட்டில் இருப்பவர்களின் கால்தான் கடைசியில் வெட்டப்படுகிறது.

புகையை இன்றே நிறுத்துங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் பலூன் வைத்த பிறகும் நிறுத்தாதீர்கள். நடந்தால் வலிப்பவர், புண் இல்லாதவராக இருந்தால், மருத்துவர் சொன்ன அளவு தினமும் நடக்க வேண்டும். வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பதே அதற்கு மருந்து.

உங்கள் வீட்டில் யாருக்காவது காலை எடுக்க வேண்டும் என்று தாளை நீட்டினால், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: காலின் ரத்த ஓட்டத்தை அளந்தீர்களா? ரத்தக்குழாய் நிபுணர் பார்த்தாரா? பலூனோ பைபாஸோ செய்ய வழி உண்டா? இதைக் கேட்பது உங்கள் உரிமை. நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.